ஆயில் ஊத்துனேனா

ஊத்துனேனா, ஊத்தலையா. ஊத்தியிருப்பேன். ஊத்தாம எப்படி இருப்பேன், இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது ஊத்தாம இருந்திருக்கேனா. கேன எடுத்தேன், அதுல பாதிக்கு மேல பெட்ரோல் இருந்துச்சு, மூடியத் திருகிட்டு நல்லாக் குலுக்குனேன், குலுக்குன வலி இந்தா தோள்பட்டையில இருக்கு. குலுக்கியிருந்தா ஊத்தியிருக்கணும்ல. ஆயில் ஊத்தாம வெறும் பெட்ரோல எவனாவது குலுக்குவானா. ஆனா நேத்தும் குலுக்குனேன். இது நேத்து வலியா இன்னைக்கு வலியா. ஏ கஸ்பாரு, கிறுக்குப் பயலே, நல்லா யோசி. கேன எடுத்த. எடுத்தியா. அளவு பாட்டில எடுத்த. அங்கதான் இடிக்கு. பாட்டில எடுத்த மாதிரியும் இருக்கு, எடுக்காத மாதிரியும் இருக்கு. அந்த நேரம் பாத்து அக்கா உள்ள இருந்து சத்தம் போட்டா, தம்பி, மைனிக்கு மிதவை ஜாக்கெட் எங்கன்னு. நான் திரும்பினேன். திரும்புறதுக்கு முந்தி ஊத்துனேனா, திரும்பி வந்து ஊத்துனேனா. ஜாக்கெட் எடுத்துக் குடுத்தது ஞாபகம் இருக்கு. வாரு இறுகாம டெல்சி சரி பண்ணுனது ஞாபகம் இருக்கு. வேண்டாததெல்லாம் வரிசையா ஞாபகம் இருக்கு, வேண்டியது மட்டும் இல்ல.

பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்பிள்ளையோட அம்மா வாட்டர் ஸ்கூட்டர்ல ஏறிக் கடலுக்குள்ள போறதெல்லாம் ஊரு உலகத்துல உண்டா. இங்க நடக்கு. அந்தா, அலை உடையிற இடத்தத் தாண்டி, கல்லக் கொட்டிக் கடலுக்குள்ள நீட்டியிருக்கிற தூண்டில் பாலத்துக்கு அந்தப் பக்கம், எம்மவ டெல்சி ஓட்டுதா, பின்னால அவ இடுப்பக் கெட்டிப் பிடிச்சிக்கிட்டு எமரென்சியா மைனி. ரெண்டாம் பூசை முடிஞ்சு தூத்துக்குடியில இருந்து கார்ல வந்தாவ, புருசனும் பொஞ்சாதியும். மாப்பிள்ளைப் பையன் டெனிஸ் கப்பல்ல இருக்கான், அடுத்த மாசம் இறங்குதான், அதுக்குள்ள பேசி வச்சிருவோம்னு வந்தாவ. அக்கா கேசரி கிண்டி வச்சா, மக்ரூன் வாங்கி வச்சேன், டெல்சி சேலை கட்டி டீ கொண்டாந்து குடுத்தா. எல்லாம் நல்லாத்தான் போச்சு. மைனி டீ கிளாச கீழ வச்சிட்டு அவ மொகத்தையே பாத்தாவ. பாத்திட்டு, பிள்ள, என்னைய உன் வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியான்னு கேட்டாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அறுபது வயசுப் பொம்பள, பட்டுச் சேலை, கேக்கிற ஆசையப் பாரு. டெல்சி சிரிச்சிக்கிட்டே உள்ள போயி சுடிதார மாத்திட்டு வந்தா. மைனியும் அக்காவோட நைட்டிய வாங்கி மாட்டிக்கிட்டு மேல ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டாவ. வந்த எடமெல்லாம் இந்த வண்டியாலதான் தட்டிப் போச்சு. வெயில்ல கருத்துப் போன பிள்ள, சுத்திப் பாக்க வர்ற ஆம்பளைங்கள வண்டியில ஏத்திட்டுப் போற பிள்ளன்னு காதுபடப் பேசிட்டுப் போனாவ. இந்த ஒரு குடும்பம்தான் வண்டியப் பத்தி ஒரு வார்த்த மோசமாச் சொல்லல. அவியள வண்டியிலயே ஏத்தி அனுப்பியாச்சு, வெறும் பெட்ரோல ஊத்தி. ஊத்துனேனா.

இது ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். கார் மாதிரி அடியில ஆயில் தேங்கி நிக்காது, பெட்ரோலோட கூடவேதான் ஆயிலும் உள்ள போகணும், போயி எரிஞ்சு புகையா வெளிய வரணும். பழைய டி.வி.எஸ் வண்டிக்கு பெட்ரோல் பங்குல கலந்து ஊத்துவானே, அதே சங்கதி. ஆயில் போகலையா, பிஸ்டன் சூட்டுல ஊதி சிலிண்டரோட அப்படியே பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் அது இன்ஜின் இல்ல, நங்கூரம். வண்டி புதுசா இருந்தப்ப ஆயில் அனுப்ப ஒரு சின்ன பம்பு இருந்துச்சு. சிலுவை மேஸ்திரி வந்து பாத்திட்டு, இந்த பம்புக்கு வயசாயிட்டுது, ஒரு நாளைக்குச் சொல்லாமக் கொள்ளாம நின்னுரும், நின்னது தெரியுறதுக்குள்ள இன்ஜின் போயிரும், இத அடைச்சிட்டுக் கையால கலந்து ஊத்துங்கன்னாரு. நானும் சரின்னேன். பம்ப நம்ப முடியாதுன்னு என்னைய நம்புனோம். யாரு யாரை நம்புறது பாருங்க. அன்னைக்கு டெல்சி குழந்தையில பால் குடிச்ச பாட்டில் பரண்ல கிடந்துச்சு, அதுல கோடு போட்டு அளவு இருக்கும்ல, அதையே அளவு பாட்டிலாக்கிட்டேன். ஆயில் ஊத்தியாச்சுன்னா பாட்டிலக் கவுத்தி ஆணியில மாட்டணும். ஊத்தலன்னா நிமித்தி வைக்கணும். ஷெட்டுக்குள்ள யாரு போனாலும் பாட்டிலப் பாத்தாப் போதும், கேள்வியே வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். இந்தா இங்க உக்காந்தாலே தெரியுது, பாட்டில் கவுந்து தொங்குது. அப்புறம் எதுக்கு இந்தக் கலக்கம்னு கேட்டா, அதுக்குப் பக்கத்துல டீ கிளாசும் கவுந்து தொங்குது, சொம்பும் கவுந்து தொங்குது. எங்க அக்காவோட வேலை. பொண்ணு பாக்க வாராவன்னு விடியக்காலையில இருந்து கழுவிக்கிட்டே இருக்கா. கண்ணுல பட்டதெல்லாம் கழுவிக் கவுத்திட்டா. சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தொலைச்சிருக்கா, பாட்டில்ல ஒரு சொட்டு ஆயில் ஒட்டியிருக்கான்னு பாக்கக்கூட வழியில்ல. அவளத் திட்டி என்ன செய்ய, அவளுக்கு அது பால் பாட்டில்.

பக்கத்துச் சேர்ல தஸ்நேவிஸ் அண்ணன் கடலப் பாத்துக்கிட்டு மிக்சர் தின்னுதாரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிடயரான மனுசன், நல்ல ஆகிருதி, சட்டையில மடிப்புக் கலையல. வந்ததுல இருந்து அதிகம் பேசல. இப்பத் திரும்பி, ஆமா, இந்த வண்டி எத்தன வருஷம் ஓடும்னு கேட்டாரு. கேக்கிற நேரத்தப் பாரு. சொன்னேன். புதுசா வர்றதெல்லாம் நாலு ஸ்ட்ரோக்குண்ணே, அதுல ஆயில் குறைஞ்சா பீப்னு சத்தம் போடும், இது பழைய சாதி, இதுக்கு நாமதான் பீப். இந்த மாதிரி வண்டி உப்புத் தண்ணியில கொஞ்ச வருஷம் ஓடுனாலே பெருசுன்னு சொல்லுவாவ, நம்மகிட்ட டெல்சி பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து ஓடுது. சாயங்காலம் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில ஓஸ் மாட்டி உள்ள உப்பக் கழுவி விடணும், பிளக்க எடுத்துத் துடைக்கணும், ஒரு நாளும் விடக்கூடாது. எத்தன வருஷம் ஓடும்னு வண்டியக் கேக்கக் கூடாதுண்ணே, பாத்துக்கிறவனக் கேக்கணும்னு பெருமையா வேற சொல்லிட்டேன். பாத்துக்கிறவனக் கேக்கணுமாம். கேளுங்க, கேளுங்க, பாத்துக்கிறவன் இங்கதான் உக்காந்து முழிச்சிக்கிட்டிருக்கான்.

சத்தம் நல்லா வருது. கரைக்காத்து கடலப் பாத்து அடிக்கு, இருந்தும் வருது. ஆனா நல்லா வர்றதுதான் பயமா இருக்கு. சிலுவை மேஸ்திரி சொல்லியிருக்காரு, ஆயில் இல்லாட்டா முதல்ல இன்னும் ஜோரா ஓடும், உள்ள ஒட்டியிருக்கிற பழைய ஆயில் தீர்ற வரைக்கும் நமக்குச் சந்தோசமா இருக்கும், அப்புறம் டக்குனு நிக்கும்னு. புகை வருதான்னு பாத்தா, காத்து அள்ளிட்டுப் போயிருது, இங்க இருந்து ஒண்ணும் தெரியல. கிளம்பும்போது புகை வந்துச்சா. அப்ப நான் மைனி கால் வழுக்கிறாம இருக்கணுமேன்னு அதையே பாத்திட்டு நின்னேன். செவப்புத் துண்ட ஆட்டுனா டெல்சி வந்துருவா, அது எங்களுக்குள்ள உள்ள அடையாளம். துண்டு தோள்லதான் கிடக்கு. ஆட்டுனா அவ பதறுவா, பதறி முறுக்குவா, முறுக்குனா சூடு ஏறும், சூடு ஏறுனா அந்த இடத்துலயே பிடிச்சுக்கும். ஆட்டாம விட்டா மெதுவா ஓடி மெதுவாச் சாகும். எதுல கொஞ்சம் தப்பலாம். கடலுக்குள்ள நின்னுட்டா ஸ்டியரிங்கும் கிடையாது, தண்ணியத் தள்ளுனாத்தான் அது திரும்பும். நீவாடு, அதான் கடலோட்டம், வடக்கப் பாத்து இழுக்கு, இழுத்தா நேரா தூண்டில் பாலத்துக் கல்லுதான். வேற நாளா இருந்தா நாலு ஃபைபர் படகு சுத்திக்கிட்டு இருக்கும், கயித்தப் போட்டு இழுத்திட்டு வந்துருவானுவ. இன்னைக்கு ஞாயித்துக்கிழம. ஒருத்தனும் கடலுக்குப் போகல, அத்தனை படகும் கரையில கிடக்கு, ஓட்டுறவனெல்லாம் கறி வாங்கப் போயிட்டான். மாதாவே, டெல்சி நீந்துவா. மைனி நீந்துவாவளா. யாரு கேட்டா. யாராவது சம்பந்தியாகப் போறவியகிட்ட நீந்தத் தெரியுமான்னு கேப்பாவளா.

ஆமா, இந்த வண்டி எத்தன வருஷம் ஓடும்னு மறுபடியும் கேக்காரு. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. இப்பதானவே சொன்னேன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. அடக்கிக்கிட்டேன். குத்திப் பாக்காரோ. ஓட்டை வண்டிய வச்சிக்கிட்டு இவ்வளவு பெருமை பேசுறியேன்னு நோண்டிப் பாக்காரோ. பொஞ்சாதிய அந்த வண்டியில அனுப்பியிருக்கிற மனுசன், கேக்கத்தான செய்வாரு. நல்லா ஓடும்ணேன்னு சுருக்கமாச் சொல்லி நிறுத்துனேன். அப்படியான்னு தலையாட்டுனாரு. மடியில மிக்சர் சிந்தியிருக்கு, தட்டி விடல. எனக்கு இப்ப மனசு அதுல இல்ல, டெல்சி கிளம்புறப்ப டாங்கி மூடியத் திறந்தாளா, அதுல இருக்கு. அவளுக்கு ஒரு பழக்கம். ஏறுறதுக்கு முந்தி டாங்கி மூடியத் திறந்து விரல உள்ள விட்டு எடுப்பா, ரெண்டு விரலையும் தேய்ச்சு மூக்குக்கிட்ட கொண்டு போவா. சின்னப் பிள்ளையிலயே பெட்ரோல் வாசத்துக்குக் கிறுக்கு, அது இன்னும் போகல போலன்னு நினைச்சுக்கிடுவேன். ஒரு தடவை திட்டிக்கூட இருக்கேன், விரல்ல புண்ணு வரும் பிள்ளன்னு. சிரிச்சா. இன்னைக்கு விட்டாளா. விட்டா மட்டும் என்ன. அது விளையாட்டுதான. விளையாட்டுதானா. போன வாரம் அடுப்புல பால வச்சிட்டு வலை பாக்கப் போயிட்டேன், பால் தீஞ்சு சட்டி ஓட்டையாப் போச்சு. அதுக்கு முன்னால சைக்கிளக் கோயில்லயே விட்டுட்டு நடந்து வந்து சைக்கிளக் காணோம்னு ஊரக் கூட்டுனேன். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். அந்த பம்புக்கும் வயசாயிட்டுதுன்னுதான மேஸ்திரி சொன்னாரு.

சத்தம் நின்னுட்டு. காத்து மாறுனதால கேக்கலையோன்னு காதத் தீட்டுனேன். இல்ல. நின்னுட்டு. அந்தா, வண்டி அலை மேல சும்மா ஏறி இறங்குது, ரெண்டு தலையும் தெரியுது, வண்டி போகல. பிடிச்சுக்கிட்டு. முடிஞ்சு போச்சு. எத்தன வருஷமாக் கண்ணுல வச்சுப் பாத்த இன்ஜின், என் கையால கொன்னுட்டேன். இன்ஜின் கிடக்கட்டும், இன்ஜின் போனாப் போகுது, பிள்ளை. வடக்கப் பாத்து நகருது, கல்லப் பாத்து நகருது. டெல்சி ஏன் கைய ஆட்டல. கைய ஆட்டி உதவி கேக்கணும்லா. திரும்பி உக்காந்திருக்கிற மாதிரி தெரியுது, மைனியப் பாத்து. அவியளச் சமாதானப்படுத்துதாளோ. மயக்கம் கியக்கம் போட்டுட்டாவளோ. எந்திரிச்சேன். ஓடிப் போயி ஒரு ஃபைபரத் தள்ளலாம், ஒத்த ஆளா எப்படித் தள்ள. ஆளக் கூப்பிடணும். கூப்பிட்டா இவருக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சாத் தெரியட்டும், கல்யாணமாவது மண்ணாவது, பிள்ளை வரட்டும். துண்ட உருவி ரெண்டடி வச்சிட்டேன், பின்னால இருந்து அந்த மனுசன், ஆமா, இந்த வண்டி எத்தன வருஷம் ஓடும். திரும்பி ஒரு முறை முறைச்சேன் பாருங்க. அவரு மொகத்துல நக்கலே இல்ல. சின்னதாச் சிரிச்சிக்கிட்டு, நெசமாவே தெரிஞ்சிக்கிட ஆசைப்பட்டுக் கேக்கிற மொகம். தண்ணியப் பாத்து ஓடுனேன்.

முழங்கால் தண்ணியில நிக்கும்போது ஒரு இருமல் கேட்டுச்சு. இன்ஜினோட இருமல். இருமி அடங்கிட்டு. இருமுதுன்னா சுத்துது, சுத்துதுன்னா பிடிக்கல, பிடிச்ச இன்ஜின் இருமாது. சூட்டுல ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கிறது அதோட பழைய குணம். பிள்ள, அவசரப்படாத, முழுசா முறுக்காத, லேசாக் குடு, லேசா. அவளுக்கு இங்க இருந்து கேக்கவா போகுது. ரெண்டாவது இருமல். மூணாவதுல பத்திக்கிட்டு, பத்துனதும் பின்னால குபுகுபுன்னு புகை. வெள்ளையும் நீலமுமா, காத்தாலயும் அள்ள முடியாத அளவுக்குப் புகை. அப்படி ஒரு புகைய என் ஆயுசுல நான் சந்தோசமாப் பாத்தது கிடையாது. ஆயில் இருக்கு. ஊத்தியிருக்கேன். ஊத்தியிருக்கேன் மாதாவே. அழுகை வந்துட்டு, கடல் தண்ணிய அள்ளி மூஞ்சியில அடிச்சிக்கிட்டேன்.

கரைக்கு வந்ததும் மைனி இறங்கி, நனைஞ்ச நைட்டியப் பிழிஞ்சிக்கிட்டே நேரா அண்ணங்கிட்டதான் போனாவ. அவரு மடியில கிடந்த மிக்சரத் தட்டி விட்டாவ, வாயத் துடைச்சு விட்டாவ. நானும் டெல்சியும் வண்டிய இழுத்து ஷெட்டுல ஏத்தி ஓஸ மாட்டுனோம். ஏன் பிள்ள நடுக்கடல்ல நிப்பாட்டுனன்னு கேட்டேன். எமரென்சியா அத்தைதான் நிப்பாட்டச் சொன்னாவன்னா. சொல்லிட்டு டாங்கி மூடிய இறுக்கிக்கிட்டே இருந்தா. நானே இழுத்தேன், புகை ரொம்பல்லா வந்துச்சு, ஆயில் கொஞ்சம் கூட ஊத்திட்டேன் போலன்னு.

"நீ ஊத்தலப்பா," ன்னா, என்னையப் பாக்காம. "விரல விட்டுப் பாத்தேன், வழுவழுப்பே இல்ல. நீ ஜாக்கெட் எடுக்கப் போனப்ப நான் ஊத்துனேன். பாட்டில் ஈரமா இருந்துச்சு, கண்ணளவுல ஊத்துனது கூடிட்டு."

அந்த விரல் விளையாட்டு. பெட்ரோல் வாசம்னு நான் நினைச்ச விளையாட்டு. இதுக்கு முன்னாலயும் ஊத்தியிருக்கியான்னு கேக்க வாயத் திறந்து, கேக்காம மூடிட்டேன். கேட்டா அவ பொய் சொல்லணும், இல்லாட்டா உண்மையச் சொல்லணும், பாவம் பிள்ளைக்கு ரெண்டும் கஷ்டம். அவளே பேசுனா, ஓஸ் தண்ணிச் சத்தத்துல பாதி விழுந்தும் விழாமலும். தஸ்நேவிஸ் மாமாவுக்கு ரெண்டு வருஷமா ஞாபகம் தப்புதாம். கேட்டதையே கேப்பாராம், சாப்பிட்டத மறந்துட்டுச் சோறு எங்கம்பாராம். மகன் கப்பலேறிப் போனதும் வீட்டுல அத்தையும் மாமாவும் மட்டும்தான், வர்ற பிள்ளை அவரையும் சேத்துத்தான் பாக்கணும். அதச் சொல்லாம மறைச்சுப் பொண்ணு கேக்கிறது பாவம்னு அத்தைக்குப் பட்டிருக்கு. இங்க வச்சுச் சொன்னா அவரு காதுல விழுந்துரும், விழுந்தா நொந்து போயிருவாரு. அதுக்குத்தான் நடுக்கடல். அதுக்குத்தான் இன்ஜின நிப்பாட்டச் சொன்னது. சொல்லிட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு பிள்ள, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்னாவளாம். நீ என்ன சொன்னன்னு கேட்டேன்.

"எனக்குப் பழக்கம்தான் அத்தைன்னு சொன்னேன்."

சொல்லிட்டு ஓஸ மூடப் போயிட்டா. நான் ஷெட்டுக்குள்ளேயே நின்னேன். கவுந்து தொங்குற பாட்டிலையே பாத்துக்கிட்டு நின்னேன். எங்கிட்டதான் பழகியிருக்கா. நான் பாத்துக்கிட்டதா நினைச்ச வண்டிய அவ பாத்திருக்கா, வண்டியப் பாக்கிறேன்னு என்னையப் பாத்திருக்கா, ஒரு நாளும் மொகத்துல காட்டிக்கிடல. வெக்கமா இருந்துச்சு. வெக்கத்துக்கு அடியில ஒரு நிம்மதியும் இருந்துச்சு, அதுதான் ரொம்ப வெக்கம். வெளிய வந்தேன். அக்கா மறுபடியும் டீ ஊத்திக்கிட்டிருந்தா, மைனி சேலைய மாத்த உள்ள போயிருந்தாவ. தஸ்நேவிஸ் அண்ணன் தனியா உக்காந்து ஷெட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் சேர இழுத்து அவரு பக்கத்துல நெருங்கிப் போட்டு உக்காந்தேன்.

"ஆமா, இந்த வண்டி எத்தன வருஷம் ஓடும்?"

முதல்ல இருந்து சொன்னேன். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிண்ணே, புது வண்டி மாதிரி இது பீப்னு சத்தம் போடாது, டெல்சி பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து ஓடுது, நல்ல தண்ணியில கழுவணும், பெட்ரோல்ல மறக்காம ஆயில் ஊத்தணும், ஊத்துனா இன்னும் ரொம்ப நாள் ஓடும். அவரு ஒவ்வொண்ணுக்கும் அப்படியா அப்படியான்னு ஆசையாக் கேட்டாரு. கேக்க ஆள் இருந்தா சொல்லுறது சுகமாத்தான் இருக்கு. அப்புறம் கொஞ்சம் குனிஞ்சு, எனக்கு அந்த ஆயில் ஊத்துறது மட்டும் அப்பப்ப மறந்து போகுதுண்ணே, நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கன்னேன்.

அவரு என் கையப் பிடிச்சாரு. "அதுக்கென்ன," ன்னாரு. "நான் ஞாபகப்படுத்துதேன்."